சிவப்புக் கூட்டத்தில் ஒரு நீலப் புள்ளி

திரையில் எல்லாப் புள்ளிகளும் சொன்ன பேச்சுக் கேட்டன, ஒன்றைத் தவிர.

நோயாளிகள் சிவப்பு. அவர்கள் வலப்பக்கம் போய்க் கூடினார்கள். நோய் இல்லாதவர்கள் நீலம். இடப்பக்கம் ஒதுங்கினார்கள். ஆறாம் நம்பர் மட்டும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு சிவப்புக் கூட்டத்தின் நட்டநடுவில் போய் உட்கார்ந்திருந்தது.

"என்ன கேள்விக்குறி, மறுபடியும் அதேதானா?" என்றான் பக்கத்து நாற்காலிக்காரன்.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவனே அவன்தான். யோசிக்கும்போது மேசை விளிம்பில் அடிவயிறு பதியக் குனிந்து, தலையை மட்டும் திரைக்கு நீட்டிக்கொண்டிருப்பாள். பக்கவாட்டில் பார்த்தால் அசல் கேள்விக்குறி. சில நாட்களில் காலையிலிருந்து மாலைவரை நிமிரவே மாட்டாள். பெரிய யோசனையில் இருக்கிறாள் என்று அன்றைக்கு யாரும் கிட்டே போவதில்லை.

"அதேதான். அடம்பிடிக்குது."

"யாரு, ஆறாம் நம்பரா, உன் புரோகிராமா?"

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆய்வுக்கூடத் தலைவரும் அதைத்தான் கேட்கப்போகிறார்.

கருப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு போன்ற ஒன்று கருப்பைக்கு வெளியே வளர்ந்து, மாதாமாதம் பெண்ணைச் சுருட்டிப்போடும் நோய். எண்டோமெட்ரியோசிஸ். வயிற்றில் துளை போட்டுப் பார்த்தால்தான் உறுதி என்று வருஷக்கணக்கில் அலையவிடுவார்கள்.

அவளுடைய புரோகிராம் கத்தியைத் தொடுவதில்லை. மாதவிடாய் ரத்தம் கொஞ்சம் போதும். அதிலுள்ள செல்களில் எந்த மரபணு சத்தம் போடுகிறது, எது வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று கணக்குப் பார்த்து, நோய் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும்.

இன்று தேறினால் ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். தேறாவிட்டால் மூட்டைகட்டிப் பரண்மேல். நோயில்லாதவளை நோயாளி என்கிற புரோகிராமை எந்த டாக்டரிடம் நீட்டுவது என்று தலைவர் நேற்றே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

ரத்தக் குப்பி மாறிப்போயிருக்குமோ? ஆறாம் நம்பர் வேறொரு மாதம் கொடுத்திருந்த குப்பியையும் ஓட்டிப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே பெண். மாறவில்லை.

அப்புறம்தான் புத்தி வேறு பக்கம் ஓடியது. தப்பு எங்கே என்று தன்னையே குடைந்துகொள்வானேன்? ஆறாம் நம்பரை எது அங்கே இழுத்துக்கொண்டு போகிறது என்று புரோகிராமையே கேட்டுவிட்டால்?

கேட்டாள். பட்டை பட்டையாக விடை விரிந்தது.

மவுஸைப் பிடித்திருந்த கை வாய்க்குப் போனது.

நரம்பைக் கூப்பிடும் மரபணு! இடம்மாறி வளர்ந்த சவ்வு சும்மா இருக்காது. வா, வா என்று நரம்பை அழைத்துப் பக்கத்திலேயே குடிவைத்துக்கொள்ளும். குடிவந்த நரம்புதான் பிறகு உயிரை எடுக்கும். சிவப்புக் கூட்டத்தில் அத்தனை பேரிடமும் அந்தக் குரல் கேட்டது. ஆறாம் நம்பரிடம் அது ஊரையே கூட்டிக்கொண்டிருந்தது.

அது வழிதவறிப் போன புள்ளி இல்லை. சொந்த வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற புள்ளி.

"டேய், இங்க வந்து பாரு! இது தப்பே இல்லடா. ஒரு தப்பு இவ்வளவு உறுதியாவா பேசும்?"

"பேசுமே. என் மாமனார் தினமும் பேசுறாரு," என்றான். ஆனாலும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நீலக்காரர்களைச் சேர்த்தது கீழ்த்தளத்து நர்ஸ். நோயில்லாத பெண்கள் அத்தனை சுலபத்தில் அகப்படுவதில்லை என்று இந்தக் கட்டிடத்திலேயே மாடி மாடியாக ஏறி, "உனக்கு வலிகிலி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுக் கேட்டு ஆள் பிடித்தவள். யார் எந்த நம்பர் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மேலே வருவது வெறும் நம்பர்.

கேள்விக்குறி போனை எடுத்தாள்.

"சிஸ்டர், ஆறாம் நம்பர் வலியே இல்லன்னா சொன்னாங்க?"

"பேரு கேட்டா சொல்லமாட்டேன்."

"பேரு வேணாம் சிஸ்டர். வலி?"

அந்தப் பக்கம் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இல்லன்னு சொல்லல. எல்லாருக்கும் வர்றதுதானே சிஸ்டர், எங்கம்மாவுக்கும் இப்படித்தான்னு சிரிச்சா. மேசை ஓரத்துல வயித்த வச்சு அழுத்திக்கிட்டா போதும், வேலைகூட நிக்காதுன்னா. நானும் 'வலி இல்லை'ன்னு போட்டுட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "இதுக்குமேல என்னைக் கேக்காத கண்ணு."

போனை வைத்தாள்.

வைத்த வேகத்தில் எழுந்து ஓடினாள். தலைவரின் கதவைத் தட்டக்கூடத் தோன்றவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"சார், தேறிடுச்சு! நம்ம யாருக்கும் தெரியாததை அது கண்டுபிடிச்சிருக்கு சார். ஆறாம் நம்பருக்கு நோய் இருக்கு. அவங்களுக்கே தெரியாது. இத்தனை வருஷமா தெரியாது!"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"குப்பிமேல இருக்கிறது வெறும் நம்பர். ஆளைப் பார்க்காம, நோய் இருக்குன்னு நீ எப்படிம்மா அடிச்சுச் சொல்ற?"

அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், அவருடைய மேசை விளிம்பில் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, நிமிராமல்.