பால் காய்ச்சும் காட்சி

"புதுசா குடிவாரவங்களுக்கு அங்க ரொட்டியும் உப்பும் கொடுப்பாங்களாம். நம்ம ஊர்ல யாருக்குக்கா புரியும்? அதான் பால் காய்ச்சுற மாதிரி மாத்திட்டேன்" என்றாள் சத்யப்பிரியா.

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ரஷ்ய நாடகம். புதிதாகத் தமிழாக்கியிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வாக்கப்பட்ட தெருவிலேயே, கல்யாண மண்டபத்து மாடியில் ஒத்திகை. பிறந்த வீட்டுக்கு ஏங்கும் மூத்தவள் வேஷம் அக்கா யுவராணிக்கு.

"இதுக்கு நான் நடிக்கவே வேணாம்டி."

பதினாறு வயதில் ராஜபாளையம் மில்லுக்குப் போனவள். ஹாஸ்டல், நைட் ஷிப்ட், பஞ்சுத் தூசி இருமல். நேற்றுதான் வேலையை விட்டாள். ஒத்திகை முடிந்ததும் மம்சாபுரத்து வீட்டுக்குப் போகிறாள். அப்பா கட்டிய வீடு, அண்ணன் பேரில் இருக்கிறது. அவளுடைய தகரப் பெட்டிதான் நாடகத்திலும் பெட்டி.

வீட்டுக்குக் கூட்டிப்போக யுவராணி வரச் சொல்லியிருந்த அண்ணன் பாண்டிச்செல்வம் வந்து உட்கார்ந்தான்.

"இன்னைக்கேவா வரணும்? இன்னும் ஒரு மாசம் ஹாஸ்டல்லயே இரேன்ட்டி."

"கட்டிலைக் காலி பண்ணியாச்சுண்ணே. இனிமே நம்ம வீட்டை விட்டு என் பொணந்தான் வெளிய வரும். பின்கட்டு ரூமைக் கூட்டி வச்சியா?"

அவன் செல்போனைப் பார்த்தான்.

ஒத்திகை தொடங்கியது. யுவராணி பெட்டியோடு வந்து இல்லாத கதவைத் தட்டினாள். திறந்தவள் யாரோ ஒருத்தி. உள்ளே அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"யாரு நீங்க? எங்க வீட்ல எதுக்குப் பால் காய்ச்சுறீங்க?"

"நிறுத்துங்கட்டி!"

நாற்காலி சாய்ந்து விழுந்தது. பாண்டிச்செல்வத்தின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"எதுக்குண்ணே இப்படிக் கத்துற?"

"என்னைய வரச் சொல்லி, நாலு பேர் முன்னால அசிங்கப்படுத்தத்தான் இந்த நாடகமா?"

சத்யப்பிரியா சிரித்தாள். "அக்கா மேடை ஏறுறது அவியளுக்குக் கௌரவக் கொறைச்சலு! அண்ணே, இது எவனோ ரஷ்யாக்காரன் எழுதுனது."

"எவன் எழுதுனா என்ன?" என்றான் அவன். "வீட்டை வாங்குனவிய இன்னைக்குக் காலையில பால் காய்ச்சையில பக்கத்து வீட்டைக்கூடக் கூப்பிடலையே. ஒங்களுக்கு யாரு சொன்னா?"