மூன்றாவது கவர்

"பிரிச்சுடுங்கோ சார். ரூல்னா ரூல்தானே" என்றார் கல்யாணராமன்.

சந்திரசேகர் நிமிர்ந்து பார்த்தார். டெல்லியில், வெளிநாட்டுக்குப் போகும் தபால்களைச் சோதிக்கும் சுங்கப் பிரிவில் அவருக்கு இது பதினோராவது வருஷம். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கவர். கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், பிறப்புச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு என்று ஊர் உலகத்தின் காகிதங்களை எல்லாம் பிரித்துப் பிரித்து, அவருக்கு மனுஷர்கள் மேலேயே ஓர் அலுப்பு வந்துவிட்டது. நோட்டீஸ் கிடைத்து வருகிறவர்கள் கத்துவார்கள். தெரிந்த அதிகாரி பெயரைச் சொல்லி மிரட்டுவார்கள். சிலர் அழுவார்கள். பிரித்துவிடு என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

"பிரிச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும் சார். ரெண்டு தடவை பட்டாச்சு."

"தெரியும்."

கல்யாணராமன் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்லியிலேயே துவாரகா பகுதியிலிருந்து மெட்ரோவில் வந்திருந்தார். ஒரே பெண் சுபிக்ஷா கனடாவில் இருக்கிறாள். அங்கே பார்மசிஸ்டாக வேலை பார்க்க லைசென்ஸ் வேண்டும். அதற்கு, அவள் இங்கே படித்த பல்கலைக்கழகம் மதிப்பெண் பட்டியலைக் கவரில் போட்டு, ஒட்டின இடத்தில் சீல் வைத்துத் தர வேண்டும். சீல் உடைந்திருந்தால் அந்த ஊர்க்காரர்கள் கவரைக் கையாலும் தொட மாட்டார்கள்.

முதல் தடவை அனுப்பியபோது, அந்தக் கவரோடு ஒரு விபூதிப் பொட்டலமும் இருந்தது. பவுடர் என்று மெஷின் காட்டிக்கொடுத்தது. பவுடர் இருந்தால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. பிரித்தார்கள். இரண்டாவது தடவையும் விபூதி, இரண்டாவது தடவையும் பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் பல்கலைக்கழகத்தில் புதுக் கவர் வாங்க இரண்டு மாதம் அலைய வேண்டும். மேஜை மேல் இருந்தது மூன்றாவது கவர். அதிலும் பொட்டலம்.

"விபூதி வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சார் சொல்றது?"

"ஆத்துக்காரி வெச்சுடறா. நான் அந்தப் பக்கம் திரும்பினாப் போதும், பொட்டலம் உள்ள போயிடறது. பொண்ணுக்குப் பிரசாதம் இல்லாம எப்படி அனுப்பறதுங்கறா. சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப் போச்சு."

"கடைசித் தேதி என்னிக்கு?"

"இந்த மாசம் முப்பது. அதுக்குள்ள போய்ச் சேரலைன்னா வேலை இல்லை, வீசாவும் முடிஞ்சுடும். திரும்பி வந்துட வேண்டியதுதான்."

"இவ்வளவு படிச்சிட்டுமா?"

"என்ன பண்றது? ஜல்தியா பிரிச்சுக் குடுத்துடுங்கோ சார். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆத்துக்குப் போயிடறேன்."

சந்திரசேகருக்கு என்னவோ போல் இருந்தது. இந்த மனிதர் சண்டைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் பிரித்துப் போட்டிருப்பார். இப்படி ஓய்ந்துபோய் உட்கார்ந்திருப்பவரிடம் விதியைப் பேச வெட்கமாக இருந்தது.

வெளிக் கவரை மட்டும் வெட்டினார். பொட்டலத்தை எடுத்துத் தனியே வைத்தார். சீல் வைத்த கவரை மட்டும் மறுபடி மெஷினில் விட்டார். திரையில் வெறும் காகிதம்தான் தெரிந்தது. புது உறையில் போட்டு, ஒட்டி, முத்திரை குத்தி, அன்றைக்குக் கிளம்பும் தபால் மூட்டையில் தன் கையாலேயே போட்டார்.

"போயிடுச்சு சார். சீலைத் தொடலை. ஒரு வாரத்துல உங்க பொண்ணு கைக்குக் கிடைச்சுடும்."

கல்யாணராமன் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள் கவரையும் பிரிக்கணும்னு ரூல் இருக்கே..."

"மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க."

சந்திரசேகர் பொட்டலத்தைத் திறந்து, தன் நெற்றியில் ஒரு கீற்று இட்டுக்கொண்டு அவரிடமும் நீட்டினார். "நீங்களே வெச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுக் கல்யாணராமன் எழுந்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்து போனார். பாவம், இத்தனை நாள் அலைச்சலில் சந்தோஷப்படக்கூட மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார் சந்திரசேகர்.

படிவத்தில், அனுப்புநர் பெயர் பட்டு கல்யாணராமன் என்று இருந்தது. பக்கத்தில் செல் நம்பர். இந்த வேலையில் நல்ல சேதி சொல்லக் கிடைப்பது எப்போதாவது ஒருநாள். போன் போட்டார்.

"அம்மா, கஸ்டம்ஸ்லேர்ந்து பேசறேன். உங்க பொண்ணோட கவர் சீல் உடையாம போயிடுச்சு."

"நிஜமாவா சார்? ஆறு மாசமா குழந்தை போன்ல அழுதுண்டே இருக்கா. இவரானா, இனிமே எங்க கிடைக்கப்போறது, அவ வந்துடுவான்னு, போன வாரமே அவ ரூமுக்குப் பெயின்ட் அடிச்சுப் புது மெத்தையும் வாங்கிப் போட்டுட்டார். நீங்க நன்னா இருக்கணும் சார்."

"இருக்கட்டும்மா. ஆனா இனிமே எது அனுப்பினாலும் கவர்ல விபூதி மட்டும் வைக்காதீங்க. இத்தனை கஷ்டமும் அதனாலதான்."



"கவர் ஒட்டறதெல்லாம் அவர்தானே சார்" என்றாள் பட்டு மெதுவாக. "நாங்க ஐயங்கார். எங்காத்துல ஏது விபூதி?"