கத்துகிற கதவு

"அந்தக் கதவுக்கு ஒரு சொட்டு எண்ணெ வுட்டீங்கன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே எங்கம்மா வூட்டுக்கு பஸ் ஏறிடுவேன்" என்றாள் சைதூன்.

சுலைமான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது பெருவிரலில் பெரிய கட்டு. புதுப்பட்டினம் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் அவர். ஊரில் உருளுகிற எதற்கும் எண்ணெய் போடுவது அவர் கைதான். அவரைப் பார்த்து வீட்டுக்காரி இப்படி ஒரு வார்த்தை சொன்னால் பொறுக்குமா?

"சைக்கிள் கடைக்காரன் வூட்டுக் கதவே கிறீச்சுனு கத்துதேன்னு ஊரே சிரிக்குது. மானம் போவுது சைதூன்."

"மானம் போனா போவட்டும். வெரலு போவாம இருந்தா சரி."

விரல்தான் விஷயம். சர்க்கரை ஏறிப்போய், புண் ஆறாமல் கிடந்தது. செங்கல்பட்டு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இனிப்பைக் கண்ணால் கூடப் பார்க்காதீர்கள். அடுத்த மாதமும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான்." அதைக் கேட்டதிலிருந்து சைதூன் சரியாகத் தூங்கவே இல்லை. சுலைமானுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் பயம் ஒரு பக்கம் என்றால் நாக்கு ஒரு பக்கம்.

அந்த நேரம் பார்த்துக் கடப்பாக்கத்து மைத்துனர், கல்யாண வீட்டுப் பேரீச்சம்பழ அல்வாவை ஒரு டின் நிறையக் கொடுத்தனுப்பியிருந்தார். சைதூன் அதைச் சாமான் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள், அதுவும் அவர் கண்ணெதிரிலேயே. கீல் துருப்பிடித்த கதவு. கொஞ்சம் அசைந்தாலும் கிணற்றடி வரைக்கும் கேட்கும்.

"ஒரு பூட்டு போட்டுடேன். அத்தோட போவுது" என்றார் சுலைமான்.

"பூட்டா? ஒரு சைக்கிள் கம்பிய வளைச்சுத் தொறந்துடுவீங்க. கதவு கத்தட்டும். அதான் எனக்குக் காவல்."

மறுநாள் காலை அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், சுலைமான் கீலுக்குச் சைக்கிள் எண்ணெய் விட்டார். நன்றாக ஊறட்டும் என்று கடைக்குப் போய்விட்டு, மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தார். சைதூன் கண் அயர்ந்ததும் பூப்போலக் கதவைத் தொட்டார்.

கிறீச்ச்.

"யாரு அது?" பாயிலிருந்து குரல் வந்தது.

"பூனை போல கீது."

"பூனைய கடைக்குப் போவச் சொல்லுங்க. நேரமாவுது."

அவ்வளவுதான், சுலைமானுக்கு இது தொழில் கௌரவமாகிவிட்டது. எண்ணெயில் கலப்படம் என்று விற்றவனைத் திட்டினார். தையல் மிஷின் எண்ணெய் போட்டுப் பார்த்தார். விளக்கெண்ணெய் ஊற்றினார். கிரீஸ் தடவினார். கடைசியில் முனிசாமியிடம் போய், மாட்டு வண்டி அச்சுக்குப் போடுகிற கறுப்பு மையைக் கேட்டார்.

"இன்னா பாய், சைக்கிளுக்கு வண்டி மையா?"

"வூட்ல ஒண்ணு முரண்டு புடிச்சிக்கினு கீதுப்பா. குடு."

அந்த மையையும் பூசினார். ஊற்றினாலும் சரி, தடவினாலும் சரி, பூசினாலும் சரி, காலையில் போட்டுவிட்டுப் போனால் மத்தியானம் கதவு பழையபடி கத்தியது. அவர் பிழைப்பில் இப்படி ஒரு கீலைப் பார்த்ததே இல்லை.

பக்கத்து மிட்டாய்க் கடை ராஜாராமுக்கு வேறு கவலை. "இன்னா பாய், நம்ம பக்கமே வர்றதில்ல? ஜாங்கிரி சூடா கீது."

"போய்யா. வூட்ல ஒரு டின்னு அல்வாவ வச்சிக்கினு உன் ஜாங்கிரிய எவன் தொடுவான்?" என்றார் சுலைமான், கையிலிருந்த எண்ணெய்ப் புட்டியை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தபடி.

மாதம் முடிந்தது. இருவரும் செங்கல்பட்டுக்குப் போனார்கள். டாக்டர் சிறுநீரும் மருந்தும் கலந்த கண்ணாடிக் குழாயைச் சூடு காட்டினார். போன தடவை செங்கல் நிறத்துக்கு மாறிய மருந்து, இந்தத் தடவை நீலமாகவே நின்றது. புண்ணும் ஆறத் தொடங்கியிருந்தது.

"விரல் தப்பித்தது. எப்படி ஐயா வாயைக் கட்டினீர்கள்?"

"எல்லாம் ஒரு கதவாலதான் சார்" என்றார் சுலைமான். திரும்பும் பஸ்ஸில் சைதூன் முக்காட்டுக்குள் அழுதுகொண்டே வந்தாள். இவளைப் போய் எப்படியெல்லாம் ஏமாற்றப் பார்த்தோம் என்று சுலைமானுக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கமெல்லாம் வீடு வரும் வரைக்கும்தான். செருப்பைக் கழற்றியதும் கண் அந்தக் கதவின் மேல் போயிற்று.

"ஒரே ஒரு துண்டு. வெரலு பொழைச்ச சந்தோஷத்துக்கு" என்று இழுத்தார்.

சைதூன் சண்டைக்கு வரவில்லை. "போங்க. இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சுலைமான் கதவைத் தள்ளினார். அது ஊருக்கே கேட்கக் கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டு, டின்னை இறக்கி மூடியை நெம்பினார்.

உள்ளே அல்வா இல்லை. டின் நிறைய எண்ணெய்ப் பிசுக்கோடு பழந்துணிகள். மோந்து பார்த்தார். சைக்கிள் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், விளக்கெண்ணெய், கிரீஸ். எல்லாவற்றுக்கும் மேலே, முனிசாமியின் வண்டி மை.

"தெனம் கீலத் தொடச்சு, துரு ஏற உப்புத் தண்ணி ஊத்தி, என் கையே தேஞ்சுது" என்றது அடுப்படிக் குரல். "அல்வாவ வந்த அன்னிக்கே அடுத்த வூட்டுப் பசங்களுக்குக் குடுத்துட்டேன். அது உள்ள கீதுன்னு நெனச்சிக்கினு கீலோட மல்லுக்கட்டலன்னா, ராஜாராம் கடை ஜாங்கிரிய வுட்டு வச்சிருப்பீங்களா நீங்க?"