விரல் நடை

ஆம்பூர் ஷூ கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில், டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்துவிட்டு இன்பம் அந்த வரைபடத்தை விரிக்கிறாள். மகள் ஃபீபி படிக்கப் போயிருக்கும் இங்கிலாந்தின் சின்னக் கடலோர ஊரில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இனாமாகக் கொடுப்பது. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது; மடிப்புகள் நைந்து, கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. தகரக் கூரை ஓட்டை வழியே இறங்கும் மார்கழி வெயில் நீலக் கடல்மேல் காசளவு விழுந்து கிடக்கிறது. ஷூவுக்குப் பசை தடவித் தடவிக் கறுத்த ஆள்காட்டி விரல் ரயிலடியில் இறங்கி நடக்கிறது. இடிந்த கோட்டை, மணிக்கூண்டு, கல்லூரி மதில், பழைய புத்தகக் கடைச் சந்து. கடலை நேரில் பார்த்தே இராதவள், கரையோரம் வந்ததும் புடவை நனைந்துவிடும் என்பதுபோல விரலைச் சற்றே தூக்கிக்கொள்கிறாள். பிறகு மேட்டுத் தெரு ஏறி, தான் தங்கியிருக்கும் வீட்டுக்கு ஃபீபி பேனாவால் வைத்து அனுப்பிய சிவப்புப் புள்ளிக்கு முன்னால் நிற்கிறாள்.

“இன்னா இன்பம், வீடு வந்துடுச்சே, உள்ள போயேன்” என்கிறாள் எதிரே சோறு பிசையும் கெங்கம்மாள். “அங்க இன்னும் விடியலக்கா. தூங்குவா, பாவம். இன்னொரு சுத்து கடலாண்ட போய்ட்டு வர்றேன்.” விரல் வந்த வழியே மெதுவாக இறங்குகிறது. மணலுக்கு வந்தபோது கம்பெனிச் சங்கு ஊதிவிடுகிறது. பெஞ்சுகள் நகர்கின்றன, எல்லோரும் கைகழுவ ஓடுகிறார்கள். இன்பம் எழுந்து நின்றபடியே விரலை விடுவிடுவென்று மேடேற்றிச் சிவப்புப் புள்ளிக்குக் கொண்டுபோய், நகத்தால் மெல்ல இரண்டு முறை தட்டுகிறாள்.