முறுக்குச் சத்தம்

“இனிமே நீ பேசுனா கால் வலிக்குமாக்கா?” என்று நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தங்கை செவ்வந்தி கேட்டாள். கட்டி வந்த கீழ்த்தாடையை அறுத்தெடுத்துவிட்டு, என் காலிலிருந்து எடுத்த எலும்பை அங்கே பொருத்தியிருந்தார்கள். இன்னும் பல் கட்டவில்லை, எனக்குக் கூழ்தான். அவளும் என்னோடு கூழே குடித்தாள். ஆனால் கொல்லையில் அவள் ஒளிந்து முறுக்குக் கடிப்பது எனக்குக் கேட்கும். நான் நிறுத்திவிட்ட பள்ளிக்கூடத்துக்கு அவள் போவதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை. இன்று கூப்பிட்டேன்.

“எதிர்ல உக்காந்து கடிடி.”

“வேணாம்க்கா. ஏங்கிப்போயிருவ.”

“கடிங்கறேன்ல.”

கடித்தாள். அவள் தாடையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தோலுக்கடியில் அது எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறி இறங்கியது. பிடுங்கி எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. என் விரல்கள் அழுந்தின.

“வலிக்குதுக்கா.”

நான் விடவில்லை. அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தக் கையை என் தாடைமேல் வைத்தாள். என் தாடை அசைந்துகொண்டிருந்தது. வாயில் ஒன்றுமே இல்லாமல் அவளோடு சேர்ந்து மென்றுகொண்டிருந்தது. செவ்வந்தி மிச்ச முறுக்கை என் மடியில் வைத்தாள். எழுந்து போனாள்.