சின்னவளின் மசக்கை

கொல்லைப்புறத்தில் சின்ன மருமகள் சந்தனமாரி குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் கருத்தம்மாள் ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கி, மறு கையால் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பருத்தி எடுக்கக் கிளம்பி நின்ற தங்கலட்சுமி இதைக் கதவோரமாகப் பார்த்தாள். மூத்த மருமகளாக வந்து இத்தனை வருசத்தில் அந்தக் கை ஒருநாளும் அவள் முதுகில் பட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட, கஞ்சி இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனவள்தான் மாமியார்.

"சின்னவ காட்டுக்கு வரலையா அத்த?"

"அவளுக்குக் கெறக்கமா இருக்கு. நீ போயிட்டு வா. வெயிலுக்கு முந்தி நாலு நெரையாவது எடு."

ரெட்டியபட்டிக் கரிசலில் வெயில் ஏற ஏற, தங்கலட்சுமிக்குள்ளும் என்னமோ ஏறியது. சின்னவளுக்குத் தலைசுற்றல், குமட்டல், சோற்றைக் கண்டால் வெறுப்பு. மாதாமாதம் மாமியாரும் சின்னவளும் அருப்புக்கோட்டை பஸ் ஏறி ஆஸ்பத்திரி போய் வருகிறார்கள். இவள் தலையைக் கண்டால் பேச்சு நின்றுவிடுகிறது. இதற்கு மேல் ஒருத்தர் வந்து சொல்ல வேண்டுமா?

கொழுந்தனுக்குக் கழுத்து நீட்டிச் சின்னவள் இந்த வீட்டுக்கு வந்து ரெண்டு பொங்கல்கூட ஆகவில்லை. தனக்கு வயிறு திறக்காததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பிள்ளையில்லாதவள் கண் பட்டுவிடும் என்று மறைக்கிறார்களே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் மூட்டையை இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். மாமியார் மாதுளம்பழத்தை உரித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். சந்தனமாரி அடுப்படியில் உட்கார்ந்து, பிளேடால் ஒரு மாத்திரையைப் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா அது?"

"சத்து மாத்திரக்கா." மிச்சப் பாதியைக் காகிதத்தில் மடித்து, அட்டையோடு சேர்த்து மாடத்தில் வைத்தாள்.

சத்து ஒருத்திக்கு, பருத்திக்காடு ஒருத்திக்கு. மறுநாள் மாமியார் காரியாபட்டியில் மகள் வீட்டில் ரெண்டு நாள் தங்கப் போனதும், தங்கலட்சுமி அந்த அட்டையைக் காகிதத்தோடு எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் செருகினாள். கொஞ்சம் தவிக்கட்டும்.

சந்தனமாரி வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினாள். அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டாள்.

"அக்கா, எம் மாத்திரையப் பாத்தீகளா?"

"ஒன் மாத்திரைக்கு நான் என்ன காவலா?"

அவர்கள் புருசன்மாரான அண்ணன் தம்பி இருவரும் லாரியில் லோடு ஏற்றிப் போயிருந்தார்கள். வேறு யாரிடமும் கேட்க அவளுக்கு ஆளில்லை. அதைப் பார்க்கத் தங்கலட்சுமிக்கு நிறைவாகத்தான் இருந்தது, அதற்கு அடுத்த நாள் காட்டிலிருந்து திரும்பும்வரை.

சந்தனமாரி சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். கை நடுங்கியது. ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது. அழுகிறோம் என்றே தெரியாதவள் மாதிரி கண்ணீர் வழிய விட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கலட்சுமி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஏத்தா, என்ன செய்யுது? புள்ளைக்கு எதுவும் ஆயிருச்சா?"

"எந்தப் புள்ளக்கா?"

"இன்னமும் மறைக்காத. முழுகாமத்தான இருக்க?"

சந்தனமாரி தலையை ஆட்டினாள். "அதெல்லாம் இல்லக்கா. அது மனசுக்குத் திங்கிற மாத்திர. எங்கம்மா செத்த பொறகு சோறு எறங்காம, தூங்காம, சுவத்தப் பாத்துக்கிட்டே கெடந்தேன். டாக்டரு குடுத்தாரு. இப்பத் தேறிட்டேன்னு கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கச் சொல்லியிருக்காரு."

மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னாள். "கொறைக்கும்போதே தல சுத்தும், கொமட்டும். ஒரேயடியா மட்டும் நிறுத்திராதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. தொலைச்சுட்டு நிக்கிறேன். சீட்டு இல்லாமக் கடையில குடுக்க மாட்டாக. பஸ்ஸுக்குப் போலாம்னா நிக்க முடியல. தலைக்குள்ள கரண்டு அடிக்கிற மாதிரி இருக்குக்கா."

தங்கலட்சுமி டிரங்குப் பெட்டியைத் திறந்து, அட்டையையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"நாந்தான் எடுத்து வச்சேன். ஒனக்குப் புள்ளைன்னு நெனச்சு."

சந்தனமாரி அட்டையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுத் தரச் சொன்னாள். டாக்டர் விவரம் கேட்டுக்கொண்டு, பழைய அளவையே இப்போது போடச் சொல்லி, மறுநாள் காலையில் துணைக்கு ஒரு ஆளோடு வரச் சொன்னார்.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் தங்கலட்சுமி.

மாத்திரை உள்ளே போனபிறகும் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். தங்கலட்சுமிக்கு ஒன்று மட்டும் அறுத்துக்கொண்டே இருந்தது.

"அத்தகிட்டச் சொல்லியிருக்க. எனக்கு மட்டும் எதுக்கு மறைச்ச? நான் என்ன ஊரெல்லாம் தண்டோராப் போடுறவளா?"

"அதில்ல. நீங்க காட்டுலயிருந்து வந்து காலை நீட்டி உக்காந்து வட்டில் நெறையச் சோறு திம்பீக. படுத்த ஒடனே தூங்கிருவீக. உங்ககிட்டப் போய், சோறு எறங்கல, தூக்கம் வரலன்னு எப்பிடிச் சொல்ல?" சந்தனமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வீட்ல உங்களப் பாத்துத்தான்க்கா எனக்குப் பொறாம."