நான்கு விநாடி அப்பா

பாடைக் காட்சி எடுத்த அன்றைக்கு என்ன நடந்தது என்று சுகன்யா கேட்டதும், அம்மா கேமராவை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தாள்.

அந்தப் பழைய படம் உருவான கதையை டாக்குமெண்டரியாக எடுக்க வந்தவள் சுகன்யா. நாடே கொண்டாடும் படம். எடுத்தது எங்கள் ஊர் அகரத்தில், செண்டுப்பூத் தோட்டத்தை ஒட்டி. அதில் கதாநாயகியின் தகப்பனாகப் பாடையில் பிணமாகக் கிடப்பவர் என் அப்பா தங்கமுத்து. வசனம் கிடையாது. மூச்சுகூட விடக் கூடாது.

அந்தக் காட்சி எடுத்த மூன்றாம் மாதம் மோட்டார் ரூமில் கரண்ட் அடித்து நிஜமாகவே போய்விட்டார்.

நான் அப்போது அம்மா வயிற்றில். வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை. அப்பாவை நான் பார்த்ததெல்லாம் அந்தப் பாடையில்தான்.

டிவியில் படம் ஓடினால் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். காரணத்தை நாற்பத்திரண்டு வருஷமாக என்னிடம் சொன்னதில்லை. இன்றைக்கு முன்பின் தெரியாத சுகன்யாவிடம் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் கேமரா முன்னால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதையும் படம் பிடித்தால்தான் தோஷம் கழியும். சோறும் கருவாட்டுக் குழம்புமாக வந்து நின்ற அம்மா, ஷாட் முடிந்ததும் முடியாததுமாக அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். அவரும் எழுந்து வந்துவிட்டார். வழக்கம் இன்னதென்று அம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

“கேமராவுல சிரிக்க விடாமக் கூட்டியாந்தவ நாந்தான் தாயி. நாந்தான் கொன்னுட்டேன்.”

சுகன்யா லேப்டாப்பைத் திறந்து அம்மா மடியில் வைத்தாள். லேபில் கிடந்த பழைய சுருளில் அகப்பட்டதாம், படத்தில் சேர்க்காத துண்டு. ஷாட் முடிந்தும் கேமராவை நிறுத்தாமல் விட்டிருக்கிறார்கள். நான்கு விநாடி. சத்தம் இல்லை.

பாடையில் அப்பா கண்ணைத் திறக்கிறார். கேமராவுக்குப் பக்கத்தில் யாரையோ பார்க்கிறார். கழுத்து மாலை குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார்.

அவருக்கு முன்பல் ஒன்று இல்லை. அது எனக்குத் தெரியாது.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார் என்று சுகன்யா மெதுவாகக் கேட்டாள்.

அம்மாவுக்கு அழுகையோடு வெட்கமும் வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்.

“என்னையத்தான். செத்தது போதும், எந்திரிச்சு வாய்யா, சோறு ஆறுதுன்னேன்.”